கீழே வாய் உள்ள மீன்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, பக்கத்துப் பட்டறை பாய், காலில் கட்டோடு கட்டிலில் படுத்திருந்த என் தம்பி, கதவோரம் நான். இவர்களைத் தவிர மாமாவின் தூக்குப்போசிக்குள் நான்கு தங்கமீன்கள். எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிற வியாதி எனக்கு அந்தப் பத்து வயதிலேயே இருந்தது. இரண்டாம் தடவை எண்ணியபோதும் ஆறு பேர், நான்கு மீன் என்றுதான் வந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

அப்பாவுக்குக் கண்ணாடி வேலை. தர்மபுரிக் கடைவீதியில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. சாமி படத்துக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் சட்டம் போடுவார், ஜன்னலுக்குக் கண்ணாடி அறுத்துக் கொடுப்பார், பீரோவில் உடைந்த கண்ணாடியை மாற்றுவார். மீன் தொட்டி செய்தது அதுதான் முதல் தடவை. ஜன்னல் கம்பியும் கேட்டும் செய்கிற பட்டறை பாய் இரும்பில் ஒரு கூடு பற்றவைத்துக் கொடுத்தார். கடையில் மிஞ்சிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளை அப்பா அளவுக்கு அறுத்து, உள்ளே நிறுத்தி, ஜன்னல் கண்ணாடிக்கு அப்புகிற புட்டிப் பசையை வைத்து அடைத்தார். இரண்டடி நீளம், ஒரு அடி அகலம். மூன்று நாள் தண்ணீர் ஊற்றுவதும் ஒழுகுகிற இடத்தில் மறுபடி புட்டி அப்புவதுமாகப் போனது. மீன்களை மாமா சேலத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். வழியில் ஒன்றுகூடச் சாகவில்லை என்பதை எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

தொட்டி அழகுக்காகச் செய்ததல்ல. தம்பியை அசையாமல் படுக்கவைக்கச் செய்தது.

பட்டறைக்குப் பின்னால் இருந்த மாமரத்திலிருந்து அவன் விழுந்திருந்தான். ஏழு வயது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. கட்டுக் கட்டுகிற பெரியவர் வந்து முட்டையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டி, இரண்டு பக்கமும் மணல் மூட்டையை அண்டைகொடுத்து, ஒரு மண்டலம் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நாலாம் நாளே, வீதியில் ஏதோ ரிக்‌ஷா ஒலிபெருக்கியோடு போகிறது என்று அவன் எழுந்து உட்காரப் பார்த்தான். கட்டு நகர்ந்துவிட்டது. பெரியவர் மறுபடி வந்து அவிழ்த்துக் கட்டினார். தம்பி போட்ட சத்தம் கடை வாசல்வரை கேட்டது. போகும்போது அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொருக்கா அசைஞ்சான்னா கால் குட்டையாப் போயிடும். அப்பறம் என்னைக் கேக்கக்கூடாது" என்றார். தனியாகச் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அவன் ஏன் ஏறினான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். கீழ்க்கிளையில் எட்டுகிற காய்களைப் பறித்துக்கொண்டிருந்தவனிடம், உச்சியில் இருக்கிறதுதான் பழுத்திருக்கிறது என்று சொன்னவள் நான். அவன் அண்ணாந்து பார்த்தான். பயமா என்றும் கேட்டேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். வீம்பு அல்ல, பயம். வாயைத் திறந்தால் மற்ற வார்த்தைகளோடு அந்த வார்த்தையும் விழுந்துவிடும் என்று தோன்றியது. கேட்டதற்குத் தலையாட்டுவேன். தண்ணீர் கொண்டுபோய் வைப்பேன். மற்ற நேரமெல்லாம் கதவோரம் நின்றுகொண்டு அவன் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருப்பேன். கோடை விடுமுறை என்பதால் பள்ளிக்கூடத்திலும் யாரும் கேட்க வழியில்லை. வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை என்றுதான் எண்ணியிருந்தேன்.

சரி, தொட்டிக்கு வருகிறேன். அதைக் கட்டிலுக்கு நேராகக் கிழக்கு ஜன்னல் வெயில் விழுகிற சுவரோரம் வைத்தார் அப்பா. அதற்குப் பின்னால், மூலை உடைந்து திரும்பிவந்த பீரோக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து நிறுத்தினார்.

"அங்கயா வெக்கறீங்க?" என்றாள் அம்மா.

"பின்ன எங்க? வெளிச்சம் பட்டாத்தான் கண்ணாடி கண்ணாடியா இருக்கும். பாரு, நாலு மீனை எட்டாக் காட்டறேன்."

உண்மையாகவே எட்டுத் தெரிந்தது. அப்பா வியாபாரி. கடையில் ஒரு முருகன் படத்துக்கு எதிரே இன்னொரு கண்ணாடியை வைத்துக் கடை நிறைய முருகனைக் காட்டுகிறவர். பாய் நாக்கைச் சப்புக்கொட்டி, "அண்ணே, செலவில்லாம குட்டி போட வெச்சுட்டீங்க" என்றார். தம்பி படுத்தவாறே எட்டையும் எண்ணினான். அம்மா ஜன்னலைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பத்து நாள் நன்றாகப் போனது. தம்பி மீன்களுக்குப் பெயர் வைத்தான், அவை ஒன்றையொன்று துரத்துவதைப் பார்த்துப் பந்தயம் கட்டினான், காலை மறந்தான். அப்புறம் கண்ணாடி மங்கியது. முதலில் மூலைகளில் தூசு படிந்தாற்போல ஒரு பச்சை. பிறகு அது முகப்புக்கு வந்தது. பின்னால் இருந்த பீரோக் கண்ணாடி வெயிலைத் திருப்பித் திருப்பித் தொட்டிக்குள்ளேயே அனுப்பிக்கொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. நாலு மீன் எட்டானது போலப் பச்சையும் இரண்டு பங்காக வளர்ந்தது. அடுத்த வாரம் தொட்டிக்குள் மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"மீன் எங்க? எனக்கு மீன் தெரியல" என்று தம்பி ஆரம்பித்தான். அடுத்த நாள் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். நான் ஓடிப்போய் அவன் நெற்றியில் கைவைத்து அமுக்கினேன். அவன் என் கையைக் கடித்தான்.

அப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் கடை வைத்தியம்தான். சாக்கட்டியைப் பொடித்து, பழைய பேப்பரைச் சுருட்டிக்கொண்டு, படக் கண்ணாடி துடைக்கிற மாதிரித் தொட்டியின் உட்பக்கத்தைத் தேய்த்தார். பச்சை போயிற்று. கூடவே புட்டியும் போயிற்று. ஒரு மூலை விட்டுக்கொடுத்து, அரைத் தொட்டித் தண்ணீர் தம்பியின் படுக்கையை நோக்கி வந்தது. அப்பாவும் பாயும் கட்டிலோடு அவனைத் தூக்கி நகர்த்தியபோது நான் மணல் மூட்டைகளைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தேன். கால் அசையவில்லை. ஆனால் இரண்டே நாளில் பச்சை திரும்பி வந்தது.

பாய்தான் அந்த யோசனையைச் சொன்னார். "கையை வெச்சாத்தானே ஒழுகுது? பாசி திங்கற மீனாப் பாத்து வாங்கிப் போட்டுடுங்க. அதுபாட்டுக்குத் தின்னுட்டுப் போவுது."

அப்படி ஒரு மீன் எது என்பது பாய்க்கும் தெரியாது. ஆனால் கொசுவை ஒழிக்க முனிசிபாலிட்டிக்காரர்கள் கிணறுகளில் விட்டுவைத்த சின்ன மீன் இருக்கிறதே, கொசுப் புழுவைத் தின்னுகிற மீனுக்குப் பாசி ஒரு பெரிய விஷயமா என்று ஒரு கணக்குப் போட்டார். மறுநாள் பட்டறைக் கிணற்றிலிருந்து துணியால் பத்துப் பன்னிரண்டு பிடித்துக் கொண்டுவந்து விட்டார். நகம் அளவு மீன்கள். பச்சைப் பக்கம் அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நின்றன. இரண்டாம் நாள் தங்கமீன்களின் வாலைக் கொறிக்க ஆரம்பித்தன.

நான் தொட்டிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு அரைநாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: ஒன்றையே எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். அம்மா அப்போதுதான் உள்ளே வந்து ஜன்னல் கதவில் கை வைத்தாள். காலை வெயில் சுள்ளென்று தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

"அதுக்கு வாய் மேல பாத்து இருக்குது" என்றேன்.

சொன்னபிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது. தம்பி தலையைத் திருப்பினான்.

"எதுக்கு?"

"கொசு மீனுக்கு. கீழ்த்தாடை தூக்கிட்டு இருக்குது. மேல மெதக்கறதைத்தான் அதால திங்க முடியும். கண்ணாடியை எப்படி நக்கும்?"

"எங்க, காட்டு."

நான் ஒரு தம்ளரில் ஒரு மீனைப் பிடித்து அவன் முகத்துக்கு நேரே காட்டினேன். அவன் பார்த்தான். தன் கீழுதட்டைத் தூக்கி அதேமாதிரி செய்துகாட்டினான். நானும் செய்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா போய்விட்டிருந்தாள். பாதி சாத்தியிருந்த ஜன்னல் மறுபடி அகலத் திறந்திருந்தது. காற்றுக்காகத் திறந்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு இந்த வாய்க் கணக்கெல்லாம் பிடிக்கவில்லை. அவர் ஏரியூரில் ஒரு உரக்கடையில் வேலையாக இருந்தார். உரம் விற்பதால் செடி, பூச்சி, ஆடு, மாடு, மீன், வானிலை எல்லாமே அவருக்கு அத்துப்படி. அந்த வாரக் கடைசியில் ஒரு பால் டின்னில் ஐந்து ஜிலேபி மீன் குஞ்சுகளோடு வந்து இறங்கினார்.

"ஆத்தோரத்துக்காரங்களையே கேட்டுட்டேன். பச்சையைக் கண்டா விடாதாம்."

நான் டின்னுக்குள் எட்டிப் பார்த்தேன். "மாமா, இதுக்கு வாய் நேரா இருக்குது."

"இருக்கட்டுமே. உனக்கும் எனக்கும் எங்க இருக்குது?"

"அதான் மாமா. நாம எல்லாத்தையும் திங்கறோம்."

பாய் சிரித்த சிரிப்பில் மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. டின்னை அப்படியே தொட்டியில் கவிழ்த்தார். ஜிலேபி மீனைக் குறை சொல்லக்கூடாது. பச்சையைத் தின்றது. அதோடு நாங்கள் போட்ட பொரியைத் தின்றது, தங்கமீனுக்கு வைத்ததைத் தின்றது, அடிமணலைக் கிளறித் தண்ணீரைக் குழம்பாக்கியது. கொசு மீன்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நாலாம் நாள் காலை தங்கமீன் ஒன்று பக்கவாட்டில் மிதந்தது. தம்பி அதற்குத்தான் அப்பா பெயரை வைத்திருந்தான். அழுது, உதைக்கப் பார்த்து, மணல் மூட்டை நகர்ந்துவிட்டது. அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கமாக அமுக்கிப் பிடித்துக்கொண்டோம்.

"அக்கா சொன்னா! வாய் நேரா இருக்குதுன்னு அக்கா சொன்னா! மாமாதான் கேக்கல!" என்று அவன் அந்த அழுகையிலும் கத்தினான்.

ஜிலேபி மீன்களைப் பாய் எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றில் விட்டார். அந்தக் கிணற்றில் பிறகு பல வருஷம் ஜிலேபி மீன் இருந்தது, கொசு மீன் இல்லை.

அன்று மாலை அப்பா கடையை எடுத்துவைத்துவிட்டு வந்து, பெரிய மனுஷியிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்டார், "அப்ப எப்படிப்பட்ட மீன்தான் வேணும்ங்கற?"

"வாய் கீழ இருக்கோணும். கண்ணாடி மேல படுத்துக்கிட்டே திங்கற மாதிரி. பெருசாகக் கூடாது. கடிக்கக் கூடாது."

அப்பா மாமாவைப் பார்த்தார். "மாப்ள, நாளைக்கு ஒகேனக்கல்லுக்குப் பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடு. ஆத்துல எல்லா வாயும் இருக்கும். அவளே பாத்து எடுக்கட்டும்."

என்னை ஏன் அனுப்பினார் என்று அப்போது யோசிக்கவில்லை. மாமாவை நம்பமுடியாமல்தான் என்று எண்ணினேன். வழியெல்லாம் எனக்கு இருந்த கவலைகள் வேறு: பென்னாகரத்தில் பஸ் மாறும்போது தூக்குப்போசியை மறந்துவிட்டால்? நான் இல்லாத நேரம் பார்த்துத் தம்பி எழுந்துவிட்டால்? மீன் கிடைத்து அதற்கு வாய் கீழே இருந்தும் பாசி பிடிக்காமல் போனால்?

கோடையில் காவிரி இளைத்துப்போய்ப் பாறையாகக் கிடந்தது. அருவிச் சத்தம் தூரத்தில் கேட்டது. பாறைகளுக்கிடையே முழங்கால் ஆழத்தில் தண்ணீர் ஓடுகிற இடத்தில், ஒரு பரிசல்காரர் பரிசலைக் கவிழ்த்துப்போட்டு அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார். கன்னடமும் தமிழும் பாதிப்பாதியாகப் பேசுகிறவர். மாமா அவரிடம் போய், உரக்கடை மிடுக்கோடு, பாசி தின்னும் மீன் வேண்டும் என்றார்.

"ஏனு தம்பி, ஆத்துல பாசி திங்காத மீன் எது? எந்த மீனு வேணும், பேரைச் சொல்லு."

மாமாவுக்குப் பேர் தெரியாது. என்னைப் பார்த்தார். பரிசல்காரரும் பார்த்தார். முன்பின் தெரியாத ஆளிடம் நான் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"வாய் கீழ இருக்கற மீன் வேணுங்க" என்றேன். "கல்லுல, கண்ணாடில ஒட்டிக்கிட்டுத் திங்கறது. விரல் நீளத்துக்கு மேல வளரக் கூடாதுங்க. மத்த மீனைக் கடிக்கக் கூடாதுங்க."

அவர் வாயிலிருந்த பீடியை எடுத்தார். "வாய் இப்படி இருக்கோணும், உசரம் இவ்வளவு இருக்கோணும், யாரையும் கடிக்கக் கூடாது. நீங்க மீன் பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

மாமாவுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். மாமரத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

பரிசல்காரர் எழுந்து ஓடுதண்ணீரில் இறங்கி, ஒரு தட்டையான கல்லைத் தூக்கித் திருப்பினார். கல்லோடு கல்லாக, விரல் நீளத்தில் பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லைக் கவிழ்த்தும் விழவில்லை. அதை வழித்து என் உள்ளங்கையில் விட்டார். தலைக்கு அடியில், தாடையில் முத்திரை குத்தின மாதிரி வட்டமாக வாய். என் கையையே உறிஞ்சிப் பிடித்தது. குளிர்ச்சியாக, சின்ன முத்தம் மாதிரி இருந்தது.

"கல்லொட்டி" என்றார். "திங்க ஒதவாது, முள்ளு. யாரும் கேட்டு வந்ததில்ல."

"இதுதான்" என்றேன்.

எட்டு மீன் பிடித்துக் கொடுத்தார். ஒன்று நாலணா என்றார். மாமா சட்டைப்பையைத் துழாவினார். வந்ததும் வராததுமாக வறுத்த மீன் வாங்கித் தின்றதில், இருவர் பஸ் காசு போக ஒன்றும் மிஞ்சவில்லை. ஆத்துத் தண்ணீரில் கிடப்பதற்குக் காசா என்று மாமா ஒரு வாதத்தை ஆரம்பித்தார். பரிசல்காரர் அவரை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"ஓடற தண்ணியில வாழற மீனு பாப்பா. நின்ன தண்ணியில செத்துப்போவும். ஊடு போயிச் சேர்றதே பெருசு. பொழைச்சுதுன்னா எத்தனை பொழைச்சுதோ அத்தனைக்கு, அடுத்த தடவ வரப்பக் குடு. செத்ததுக்குக் காசு வேண்டாம். ஆயித்தா?"

"ஆயித்துங்க" என்றேன்.

ஓடுகிற தண்ணீர் என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு. பஸ் ஏறியதிலிருந்து தூக்குப்போசிக்குள் கையை விட்டுத் தண்ணீரைச் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டே வந்தேன். வலது கை வலித்தால் இடது கை. பென்னாகரத்தில் பஸ் நின்ற நேரத்தில் மாமா ஓடிப்போய்ப் புதுத் தண்ணீர் பிடித்துவந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி, என்ன பாப்பா மோர் கடைகிறாயா என்று கேட்டாள். இல்லைங்க, ஆறு ஓடவிடறேன் என்றேன். அவள் மாமாவைப் பார்த்து, பிள்ளைக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று மெதுவாகக் கேட்டாள்.

வீடு வந்து சேர்ந்தபோது இரண்டு செத்திருந்தன. மறுநாள் காலை இன்னொன்று. ஐந்து பிழைத்தன. பாய் சைக்கிள் பம்பும் ரப்பர் குழாயும் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீருக்குள் காற்றடித்தார். மற்ற நேரத்தில் நான் அகப்பையால் கலக்கினேன்.

முதல் நாள் அவை அசையவே இல்லை. நான் சோறு சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் காலையில் தம்பி கத்தினான்.

"அக்கா! ரோடு போட்டிருக்குது!"

முகப்புக் கண்ணாடியில், பச்சையின் நடுவே, விரலால் துடைத்தாற்போல ஒரு கோடு. கோட்டின் முனையில் ஒரு கல்லொட்டி வயிற்றை எங்களுக்குக் காட்டியபடி ஒட்டிக்கொண்டு, வட்ட வாயைத் திறந்து மூடித் திறந்து மூடி, மயிரிழை மயிரிழையாக முன்னேறிக்கொண்டிருந்தது. பிறகு இன்னொரு கோடு. தம்பி எந்த மீன் எந்தத் திசையில் ரோடு போடும் என்று பந்தயம் கட்டினான். மணிக்கணக்காக அசையாமல் கிடந்தான். அவனுக்குக் கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.

மூன்றாம் நாள், கோடுகள் சேர்ந்து ஒரு கையகலம் தெளிந்திருந்தது. அதன் வழியாகப் பின்னால் சாய்த்திருந்த பீரோக் கண்ணாடி தெரிந்தது. அதில் தம்பியின் முகமும், அவனுக்குப் பின்னால் நின்ற என் முகமும் தெரிந்தன. நேருக்கு நேர் அவனைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கண்ணாடியில் இருந்த அவனிடம் சொன்னேன்.

"நான்தான்டா உன்னை ஏறச் சொன்னேன்."

கண்ணாடியில் இருந்த தம்பி மூக்கைச் சுருக்கினான்.

"நீ பொய் சொன்னக்கா. உச்சியில இருந்தது பழம் இல்ல, காயி. தொட்டுப் பாத்துட்டுத்தான் விழுந்தேன்."

அவனுக்கு வருத்தம் அது ஒன்றுதான். காய் என்று தெரிந்திருந்தால் ஏறியிருக்கவே மாட்டானாம். நான் அழுதேன். அவன் என்னைக் கவனிக்கவில்லை. மூன்றாம் மீன் ரோட்டை வளைத்துவிட்டது, நான் பந்தயத்தில் தோற்றுவிட்டேன் என்றான்.

மண்டலம் முடிந்து கட்டு அவிழ்த்த அன்று, பெரியவர் தம்பியைத் தரையில் நீட்டிப் படுக்கவைத்து இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். அப்பாவுக்கு அது போதவில்லை. கடையிலிருந்து சட்டம் அளக்கிற மர ஸ்கேலைக் கொண்டுவந்து இடுப்பிலிருந்து குதிகால்வரை இரண்டு காலையும் தனித்தனியாக அளந்தார். மறுபடி அளந்தார். எண்ணி எண்ணிப் பார்க்கிற வியாதி எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது.

"ஒரு நூல் குறையுது" என்று அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைச் சொன்னார் அப்பா. "பரவால்ல. சட்டத்துலயே ஒரு நூல் விடுவேன்." சொல்லிவிட்டு ஸ்கேலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

எட்டாவதோடு என் படிப்பு நின்றுபோனது, கல்யாணம் ஆனது, அதெல்லாம் வேறு கதை. என் மகனுக்கு ஏழு வயதானபோது மீன் தொட்டி வேண்டும் என்று அடம்பிடித்தான். தருவித்த அன்றைக்கு, எங்கே வைப்பது என்று பார்த்து, நல்ல வெளிச்சமான ஜன்னலாகத் தேர்ந்து வைக்கப் போனேன். வந்திருந்த அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அங்க வெக்காத. வெயில் பட்டாப் பாசி புடிச்சுக்கும்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"இண்டூர்ல எங்கூட்டு மாட்டுத்தொட்டி வெயில்ல கெடந்தா மூணே நாள்ல பச்சையாப் போயிடும். எங்கப்பன் மேல ஓலையைப் போட்டு வெப்பாரு. இதுக்குப் படிச்சிருக்கோணுமா?"

நான் தொட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்ப, தம்பி படுத்திருந்தப்ப?"

அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஜன்னலைச் சாத்தத்தான் வந்தேன். கதவுல கையும் வெச்சுட்டேன். நீ அதுக்கு வாய் மேல இருக்குதுன்னே. மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, உன் வாயில இருந்து ஒரு சொல் வந்து. பச்சை போயிடுச்சுன்னா நீ மறுபடி கதவோரம் போயி நின்னுக்குவியோன்னு இருந்துச்சு. உங்கப்பாகிட்டச் சொன்னேன். கெடக்கட்டும் விடு, அவளே ஒரு மீனைக் கண்டுபுடிக்கட்டும்னுட்டாரு."

தொட்டி தம்பிக்காகச் செய்தது என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒகேனக்கல்லுக்கு ஏழெட்டுத் தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சில்லறையைத் தனியாக முந்தானையில் முடிந்துகொண்டுதான் போனேன். பரிசல்கள் இருந்தன, அந்த ஆள் இல்லை. பெயர் கேட்டு வைக்கத் தோன்றவில்லை எனக்கு. எட்டு மீனில் பிழைத்தது ஐந்து. ஒன்று நாலணா. ஒன்றேகால் ரூபாய் பாக்கி.